இந்த வீட்டில் இறந்தவர்கள்

“உன் மாதா என் ரூம் எப்ப வரும்?” என்று பிரிஸ்கா என்னைக் கேட்டாள்.

அக்டோபர் மாதத்துக் காலை. நான் பின்கட்டுக் குழாயடியில் இடியாப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வேலைக்குக் கிளம்பி, சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் கட்டட வேலையில் காதில் விழுந்த தமிழ். கலவை கொண்டா, தண்ணி ஊத்து, தள்ளி நில்லு. அவளிடம் யாரும் வாங்க, போங்க என்று பேசியதில்லை. அதனால் அவள் வாயிலும் அது வரவில்லை. வீட்டுக்காரர் சவரிராஜைக்கூட ‘நீ’ என்றுதான் சொல்வாள். அவர் முதலில் முறைத்தார், பிறகு பழகிக்கொண்டார்.

“தெரியலை. அம்மாவைக் கேக்குறேன்,” என்றேன்.

“கேளு. இன்னிக்குக் கேளு.”

அக்டோபர் செபமாலை மாதம். அது முழுக்க எங்கள் அன்பியத்தில் மாதா சுரூபம், அதாவது மாதா சிலை, வீடு வீடாக வரும். அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துத் தெருக்களில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள். சாயங்காலம் எல்லாரும் பாடிக்கொண்டே போய், முந்தின நாள் வீட்டிலிருந்து சுரூபத்தை எடுத்துவந்து அடுத்த வீட்டில் வைப்போம். செபமாலை முடிந்ததும் அந்த வீட்டில் இறந்தவர்களின் பேர்களைச் சொல்வார்கள். ஒவ்வொரு பேருக்கும் எல்லாரும் சேர்ந்து மன்றாடுவோம். அப்புறம் சுண்டலும் டீயும். அன்று ராத்திரி மாதா அங்கேயே தங்குவாள். என் அம்மா இருதயம்மாள்தான் அன்பியத் தலைவி. எந்த வீடு, எந்த நாள் என்று முடிவு செய்வது அவள்.

அப்பா இறந்த பிறகு பூதலூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் தஞ்சாவூருக்கு வந்தோம். அப்போது நாங்கள் இருக்கும் மருத நகர் பாதிக்கு மேல் வயல். பைபாஸ் வந்தது, பின்னாலேயே ஆஸ்பத்திரிகள் வந்தன. இப்போது எங்கள் தெருவில் மார்பிள் கடை வைத்திருக்கும் ராஜஸ்தான்காரர்கள் இருக்கிறார்கள். அடுக்குமாடியில் கேரள நர்ஸ்கள். மூலையில் மீரா உசேன் பாயின் டீக்கடை. ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு நாள்வாடகைக்குத் தங்குகிறவர்கள் பாபநாசத்திலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் முகம் பழகுவதற்குள் ஒன்று குணமான ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், இல்லை ஆம்புலன்ஸ் பின்னால் அழுதுகொண்டே போவார்கள். காலையில் அம்மாவும் நானும் செய்த இடியாப்பத்தை விற்கக் கொண்டுபோனால் நேற்று தையல்கடை இருந்த இடத்தில் இன்று மருந்துக்கடைப் பலகை தொங்கும். தெரு முனையில் மிச்சமிருந்த ஒரே வயலிலும் கல் நட்டுவிட்டார்கள். அதில் விளைந்த கடைசிக் குறுவை நெல்லை, மனை போடுவதற்குப் போட்ட புதுத் தார்ச்சாலையில் காயவைத்திருந்தார்கள். மழை வரும்போதெல்லாம் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன். புதுப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் வாய் திறக்க மாட்டேன். போகாமல் இருப்பது சுலபமாக இருந்தது. ஒருவேளை அதனால்தான் பிரிஸ்கா என்னிடம் பேசினாள். அவளுக்குத் தமிழ் குறைவு, எனக்குப் பேச்சு குறைவு.

சவரிராஜ் வீட்டில் கீழே அவரும் அவர் மனைவி ஃபெபி அக்காவும். மாடியில் நாங்கள். பின்கட்டில், முன்பு மாட்டுக்கொட்டகையாக இருந்து ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையில், பிரிஸ்காவும் அவள் புருஷன் பாஸ்கலும். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். தெருவில் எல்லாரும் ‘இந்திக்காரங்க’ என்பார்கள். பாஸ்கல் என்ற கிறிஸ்தவப் பேரைக் கேட்டும் யாரும் அவர்களைக் கோயிலோடு சேர்த்து நினைக்கவில்லை. தெருவில் மற்ற யாரும் வடநாட்டாருக்கு அறை விட மாட்டார்கள், சவரிராஜ் விட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

அன்று மத்தியானம் அம்மாவிடம் கேட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“அதான் கீழ வீட்டுக்கு மாதா வந்துட்டாங்கல்ல? பின்கட்டும் அதே வீடுதானே.”

“நம்ம வீட்டுக்கும் வந்தாங்களே.”

“நாம மாடி. தனிப் படி.” கொஞ்சம் பிசைந்துவிட்டுச் சொன்னாள், “கோயில் பங்குல அவங்களுக்குக் குடும்ப அட்டை இல்லடி. டீச்சர் கேப்பாங்க.”

டீச்சர் என்றால் ஆக்னஸ் டீச்சர். ஓய்வு பெற்றும் யாரையும் விடாமல் கேள்வி கேட்பவர்.

மறுநாள் பிரிஸ்கா என்னை அறைக்குள் கூப்பிட்டாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். வேலையிடத்திலிருந்து மிச்சச் சுண்ணாம்பு கேட்டு வாங்கியதாம். ஒரு ஸ்டூலில் புதுச் சேலையை மடித்து விரித்து வைத்திருந்தாள். மாதா உட்கார இடம். நான் சுற்றிப் பார்த்தேன். தூளி கட்டிய கயிறு உத்தரத்தில் அப்படியே இருந்தது, தூளி இல்லை. அந்தக் குழந்தையை நான் தூக்கியிருக்கிறேன். பிறந்து மாதம் ஒன்றோ ஒன்றரையோ. ஆவணியில் நாத்தனாரோடு ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள்.

“ரோஷன் ஊரு போகல,” என்றாள் பிரிஸ்கா.

நான் அந்தத் தூளிக் கயிற்றைப் பார்த்தேன்.

“ஜுரம். மழை. காலைல எழும்பல. மேஸ்திரி வண்டி கொண்டாந்தான். வடவாறு ஆத்துக்கரை போனாங்க. நான் போகல, பொம்பள வரக் கூடாது சொன்னான். ஜெபம் இல்ல. ஃபாதர் இல்ல. குழி போட்டு, மண்ணு போட்டு, வந்துட்டாங்க.” மண்வெட்டியால் தள்ளுவதுபோல் கையைக் காட்டினாள். “உன் ஆளுங்க எல்லா வீட்லயும் பேரு சொல்றாங்க. நான் வெளிய நின்னு கேட்டேன். எல்லாரும் சொல்றாங்க. என் ரூம்ல ரோஷன் சொல்லணும். ஒரு தடவை. எனக்கு உன் ஜெபம் தெரியாது. நீ சொல்லு.”

“அம்மாகிட்ட சொல்லட்டுமா?”

“வேணாம். சொன்னா ரூம் போகும்.”

முன்பு அவர்கள் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்தபோது, கூட இருந்த ஒருவன் காமாலையில் செத்துப்போனான். அன்றைக்குச் சாயங்காலமே எல்லாரையும் காலிசெய்ய வைத்துவிட்டார்கள். மழையில் சாமானோடு மார்பிள் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்களாம்.

ஐப்பசி பிறந்து மழை விடாமல் பெய்தது. மாதா ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். தினமும் சாயங்காலம் பாட்டுச் சத்தம் கேட்டதும் பிரிஸ்கா சட்டையைக் கழற்றிவிட்டு, முகம் கழுவி, கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். ஊர்வலம் வேறு பக்கம் திரும்பியதும் உள்ளே போவாள். என்னிடம் மறுபடி கேட்கவில்லை. 

மாதம் முடியப்போகும் சமயத்தில் அடுக்குமாடியிலிருந்து நர்ஸ் ஷீபா என் அம்மாவுக்குப் போன் செய்தாள். எல்லாருக்கும் நைட் டூட்டி போட்டுவிட்டார்களாம், மாதா அங்கே வரவேண்டிய நாளில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்களாம். ஆக்னஸ் டீச்சர் அப்போது எங்கள் மாடிப்படியில்தான் குடையை உதறிக்கொண்டிருந்தார்.

“அப்ப அன்னிக்குப் பின்கட்டுல வச்சுருவோம் டீச்சர்,” என்றாள் அம்மா. என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

“இந்திக்காரங்க ரூம்லயா? அவங்க கோயிலுக்கு வர்றாங்களா முதல்ல?”

“ஞாயித்துக்கிழமை கடைசில நிக்குறா. நான் பாத்துருக்கேன்.”

“ஃபேன் காத்துக்கு நிக்குறவங்களும் கடைசிலதான் நிக்குறாங்க, இருதயம்.”

“நமக்குந்தான் டீச்சர் காத்து வேணும்,” என்றாள் அம்மா. டீச்சர் சிரித்துவிட்டார். அப்படித்தான் அது முடிவானது.

சவரிராஜிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அந்த வீட்டை விற்கப்போகிறார் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் அமிர்தலிங்கம் என்பவர் வாங்குகிறார். கீழே முழுக்கத் தடுத்து, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு ரூம் விடப்போகிறார். மாடியில் எங்களை அப்படியே இருக்கவிட்டு, அம்மாவையே சமைக்கச் சொல்லலாம் என்று சவரிராஜ் அவரிடம் பேசி வைத்திருந்தார். அம்மா அதை நம்பித்தான் பெரிய இட்லிப் பானைக்குச் சொல்லியிருந்தாள்.

“வைங்கக்கா, நல்லதுதானே. வீட்டை விக்குறதுக்கு முன்னாடி மாதா ரெண்டு தடவை வந்த மாதிரி ஆச்சு,” என்றார் சவரிராஜ்.

அந்த நாள் வந்தது. பிரிஸ்கா வேலைக்குப் போகவில்லை. எங்கள் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுக் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்தாள். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டாள். டீக்கு நான் பாய்கடைக்குப் போனேன். “இந்திக்காரங்க வீட்ல பூசையா? அப்ப ஏலக்காய் போட்டுத் தர்றேன், எந்தச் சாமியா இருந்தா என்ன, மழைக்கு நல்லா இருக்கும்,” என்று மீரா உசேன் பாய் பெரிய ஃபிளாஸ்க்கை நிரப்பினார்.

அறைக்குள் பத்துப் பேர்தான் உட்காரலாம். மற்றவர்கள் தாழ்வாரத்தில் நின்றார்கள். பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டு மூலையில் நின்றான். சவரிராஜ் பல்பு மாட்டிக்கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மழை ஆஸ்பெஸ்டாஸில் விழும் சத்தத்தில் அம்மா கத்தித்தான் ஜெபிக்க வேண்டியிருந்தது. பிரிஸ்காவுக்குத் தமிழ் ஜெபம் வரவில்லை. ஆனால் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவள் பாஷையில் சொல்லியிருப்பாள். எங்களோடு சேர்ந்து தொடங்கி எங்களுக்கு முன்னால் முடித்துவிடுவாள்.

செபமாலை முடிந்தது. அம்மா வழக்கமான வார்த்தையைச் சொன்னாள். “இந்த வீட்டில் இறந்தவர்களுக்காக மன்றாடுவோம். பேர்களைச் சொல்லவும்.”

பிரிஸ்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசற்படியிலிருந்து சவரிராஜ் ஆரம்பித்துவிட்டார். “அந்தோணிமுத்து. ஆரோக்கியம்மாள். சின்னப்பன்.” அவருடைய அப்பா, அம்மா, அண்ணன். வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ‘இந்த வீடு’ என்று சொன்னதும் அவருக்குத் தன் ஆட்கள் பேர்தான் வந்தது. யாருக்கும் அது தப்பாகப் படவும் இல்லை. அவர் வீடுதானே. நாங்கள் ஏற்கெனவே கீழ்வீட்டில் மன்றாடிய அதே மூன்று பேருக்கு மறுபடி மன்றாடினோம். அம்மா முடிவு ஜெபத்துக்குப் புத்தகத்தைத் திருப்பினாள்.

“இன்னொரு பேர் இருக்கு,” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். “அட, ஷாலினிக்கு வாய் இருக்கே,” என்றார் ஆக்னஸ் டீச்சர். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“ரோஷன்,” என்றேன். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தரம் சொன்னேன். “ரோஷன்.”

“யாரும்மா அது?” என்றாள் அம்மா.

பேரைச் சொன்னால் ஜெபம் தொடங்கிவிடும் என்றே நினைத்திருந்தேன். மற்ற வீடுகளில் யாரும் யாரையும் யார் என்று கேட்டதில்லை.

“என் பிள்ள,” என்றாள் பிரிஸ்கா.

“அய்யோ. ஊர்லயா இறந்துச்சு?” ஃபெபி அக்கா கேட்டாள்.

ஊரில் என்று சொல்லியிருந்தால் போதும். பிரிஸ்கா ஸ்டூலில் இருந்த மாதாவைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு முன்னால் அவளால் மாற்றிச் சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன்.

“இல்ல. இங்க. இந்த ரூம்.”

சவரிராஜ் வாசற்படியிலிருந்து உள்ளே காலெடுத்து வைத்தார்.

“எந்த ரூம்?” என்றார் சவரிராஜ். “என் வீட்லயா? எப்ப?”

“ஆவணி.”

“என்கிட்ட சொல்லலையே நீங்க. தினம் இந்த வழியாத்தானே போறேன். ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொன்னா நீ ரூம் போ சொல்லுவ,” என்றாள் பிரிஸ்கா. பாஸ்கல் அவள் தோளைத் தொட்டான். அவள் தட்டிவிட்டாள்.

சவரிராஜின் முகம் மாறிவிட்டது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. “அமிர்தலிங்கம் கேட்டாரு, இந்த வீட்ல ஏதும் அசம்பாவிதம் உண்டான்னு. மாதா மேல சத்தியமா இல்லன்னேன். சத்தியம் பண்ணிருக்கேன் நான்,” என்று ஃபெபி அக்காவிடம் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது.

“பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்திருந்தீங்களா?” என்று டீச்சர் கேட்டார்.

“டிசம்பர். ஊரு போய் குடுக்கணும். எங்க ஃபாதர்.”

“அப்ப குடுக்கல. எங்க வச்சீங்க? கல்லறைத் தோட்டத்துல இல்லையே?”

“வடவாறு.”

டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். தாழ்வாரத்தில் நின்றவர்கள் உள்ளே நடந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். என்ன ஜுரம், டெங்குவா, ஆஸ்பத்திரிக்கு ஏன் காட்டவில்லை, போலீஸுக்குத் தெரியுமா, பிறப்புப் பதிந்தார்களா. எல்லாம் கேள்வி. கேள்விக்கு நடுவில் ஒருத்தியின் குரல், “பாவம்” என்றது. பிரிஸ்கா என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கையில் செபமாலை இருந்தது. அவள் ஆரம்பித்தால் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அது எனக்கும் தெரியும், பிரிஸ்காவுக்கும் தெரியும்.

அம்மா வாயைத் திறந்தாள்.

“முடிங்கக்கா,” என்றார் சவரிராஜ். “இதை இப்ப வச்சுக்க வேணாம். முடிச்சிருங்க.”

அம்மா சவரிராஜைப் பார்த்தாள். பிறகு முடிவு ஜெபத்தை வாசித்தாள். கடைசிப் பாட்டை டீச்சர் எடுத்துக்கொடுத்தார். இரண்டு அடியோடு அது நின்றது.

பிரிஸ்கா சுண்டலைத் தொன்னையில் போட்டுக் கொடுத்தாள். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கையில் பிடித்துக்கொண்டே குடையை விரித்துப் போனார்கள். நான் கேட்டைச் சாத்தப் போனபோது மதில்சுவர் மேல் சில தொன்னைகள் இருந்தன. மழைத் தண்ணீர் நிறைந்து கடலை மிதந்தது. அவள் பார்ப்பதற்குள் எடுத்துச் சாக்கடையில் கொட்டினேன்.

சவரிராஜ் மாடிப்படியில் பாதி ஏறி நின்று அம்மாவிடம் பேசினார்.

“அக்கா, மாதாவை மேல கொண்டாந்துருங்க.”

“வச்ச வீட்டுலேர்ந்து ராத்திரி எடுக்கக் கூடாது தம்பி. காலைலதான்.”

“சரி, காலைல. அவங்களும் காலைல கிளம்பட்டும். நான் சத்தம் போடலை, ஒண்ணும் பண்ணலை. கிளம்பட்டும். இருந்தா நாளைக்கு அமிர்தலிங்கம் வந்து விசாரிக்கும்போது அந்தப் பொண்ணு இப்படியே பளிச்சுன்னு சொல்லிரும்.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்களைப் பத்தி அவர்கிட்ட நல்லபடியா சொல்லி வச்சிருக்கேன்.”

அவர் இறங்கிப் போன பிறகும் அம்மா படியிலேயே நின்றாள்.

நான் பாயில் படுத்து, அப்பா பேரை நினைத்துக்கொண்டேன். தங்கையன் லூர்து. நாங்கள் மூன்று வாடகை வீடு மாறிவிட்டோம். எந்த வீட்டுக்கு மாதா வந்தாலும் அம்மா அந்தப் பேரைத்தான் முதலில் சொல்வாள். அவர் அந்த வீடுகளில் ஒன்றையும் பார்த்ததில்லை.

விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டினோம். அம்மா இடியாப்ப உரலில் மாவைப் பிழிந்தாள், நான் தட்டுகளை அடுக்கினேன். நர்ஸ்களுக்கு டூட்டி முடிந்து வரும்போது சூடாக இருக்க வேண்டும். மழை விட்டிருந்தது. கீழே பாஸ்கல் மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. பாத்திரங்களைச் சாக்கில் போடுகிறான். யாரும் அவர்களிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிரிஸ்கா படியேறி வந்தாள். மாதாவை அந்தப் புதுச் சேலையிலேயே சுற்றி, பிள்ளையைப்போல் கையில் ஏந்தியிருந்தாள். எங்கள் வீட்டு மேசையில் வைத்தாள். சேலையை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வேலைக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இரும்மா. சுடச்சுட இருக்கு, ரெண்டு பேரும் சாப்பிட்டுப் போங்க.”

அம்மா அவளை அப்படிப் பரிவாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிரிஸ்கா அடுப்பையே பார்த்தாள்.

“கல்லறைத் திருநாள் வருது. அன்னிக்குக் கோயில்ல எல்லா இறந்தவங்க பேரும் வாசிப்பாங்க. நான் ஃபாதர்கிட்ட பேசறேன். பிள்ளை பேரு குடுக்கறேன்,” என்றாள் அம்மா. குரல் தணிந்திருந்தது, கீழே கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. “முழுப் பேரு என்னம்மா? அப்பன் பேரோட சொல்லு. ஷாலினி எழுதிக்குவா.”

பிரிஸ்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ‘நேத்து ஏன் ஜெபம் சொல்லல?’ என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்க அவளுக்குத் தெரிந்த தமிழே போதும்.

“சொல்லும்மா,” என்றாள் அம்மா.

இடியாப்பப் பானையில் தண்ணீர் கொதித்து மூடி ஆடியது. நான் குனிந்து மூடியைத் தள்ளி வைத்து நிமிர்ந்தபோது பிரிஸ்கா படியில் பாதி இறங்கியிருந்தாள். கீழே பாஸ்கல் ஆட்டோவில் சாக்கை ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் போய்ச் சாக்குக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.